அருமையான மனுசன்

அம்மாடி,

நான் நலம். பூண்டு எடுத்தாயிற்று. மழைதான் விடவில்லை.

கால் விழுந்துபோனதிலிருந்து உன் அண்ணன் என்னை ‘ஒண்ணுக்கும் ஆகாத கெழடு’ என்றுதான் சொல்வான். திட்டிக்கொண்டேயாவது கஞ்சி ஊற்றினான், அதனால் தைரியமாகக் கிடந்தேன். இந்த வாரம் பேச்சு மாறிவிட்டது. பள்ளங்கியிலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம், “எங்கப்பா அருமையான மனுசன், அவரு அருமை யாருக்கு வரும்?” என்று என் எதிரிலேயே சொன்னான். வந்தவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்தப் பேச்சை எந்த வீட்டில் பேசுவார்கள் என்று உனக்கே தெரியும்.

உன் அண்ணியும் அன்பாகத்தான் இருக்கிறாள். “மாமா, சனிக்கெழம எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டி விடுறோம், எளநியும் வாங்கியாந்து வச்சிருக்கு” என்கிறாள். இந்தக் குளிரிலும் பச்சைத்தண்ணீர்தான் உடம்புக்கு நல்லதாம்.

கீழ்வீட்டுச் சேனாதிபதியையும் போன வருடம் இப்படித்தான் குளிப்பாட்டினார்கள். அந்தச் சாவுக்கு நானும் போய், அருமையான மனுசன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு ஒன்றுமில்லை. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் வெரசா வந்துவிடு. வந்ததும் வாசலில் நின்று, ஊரே கேட்கும்படி என்னைத் திட்டு.

உன் அப்பா