இடது முன் சக்கரம்

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

நாங்கள் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் மருமகளும் குட்டியும் அங்கே அப்படியே இருக்கவேண்டும். குட்டியின் இருமல் நின்றதா என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். போனில் நீ என்னை முடிக்க விடுவதில்லை. "அம்மா, இனிமே நீ வண்டியைத் தொடாதே, பெரியம்மாவுக்கு டாக்ஸி பிடி" என்று சொல்லி வைத்துவிட்டாய். பயத்தில் சொன்னாய், தெரியும். ஆனால் அப்பா உனக்குப் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார், அவருடைய பாதி எப்போதுமே சத்தமான பாதி. மீதியை நான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முன் டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டன என்று வழக்கமான கடையில் புதிதாக மாற்றினோம். மறுநாள் பெரியம்மாவுக்கு டயாலிசிஸ். கூட்டிப் போய், முடியும்வரை உட்கார்ந்திருந்து, திரும்பி வரும்போது பாலம் தாண்டியதும் ஒரு சத்தம். டக், டக். அப்பா, தண்ணீர் பாட்டில் உருளுகிறது என்றார். பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சத்தம் நிற்கவில்லை. ரோடு சரியில்லை என்றார், பிறகு கியரை மாற்று என்றார். ஸ்டியரிங் கையில் நடுங்கியது. என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். அப்படித்தான் முதலில் தோன்றியது, வண்டியில் கோளாறு இருக்கலாம் என்று தோன்றவில்லை, என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று. வேகத்தைக் குறைத்து ஒரு மரக்கிடங்கின் சுவரோரம் நிறுத்தினேன். அப்பா இறங்கிப் போய்ப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்றால் உனக்கே புரியும். இடது முன் சக்கரத்தில் இரண்டு போல்ட்டைக் காணோம். மற்றவை விரலால் திருகினால் சுற்றின. பின் சீட்டில் அரைத் தூக்கத்திலிருந்த பெரியம்மா "வீடு வந்துடுச்சாடி?" என்றாள். இல்லக்கா, இன்னும் கொஞ்சம் என்றேன்.

இழுவை வண்டி வந்து எங்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு கடையில் அப்பா போட்ட சத்தம் பக்கத்துக் கடைவரை கேட்டிருக்கும். என்ன நடந்தது என்றால், சக்கரம் மாட்டுகிறவர் (ஆள் நல்ல உயரம், கடையில் எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுகிறார்கள்) அந்தச் சக்கரத்துக்குக் கையால் போல்ட் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் மகளின் பள்ளியிலிருந்து போன். பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள் என்று. பின்னால் வேறொரு வண்டி வழி கேட்டு ஹாரன் அடிக்க, இவர் ஜாக்கியை இறக்கி, வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஓடியிருக்கிறார். அடுத்து வந்த கடையாள், வண்டி தரையில் நிற்பதைப் பார்த்து வேலை முடிந்தது என்று சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். யாரும் கெட்டவர் இல்லை. கடைக்காரர் வேறொருவரைக் கூப்பிட்டு இதைப் பாரு என்றார். நான், மாட்டினவரே முடுக்கட்டும் என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் எழுத முடியாது. என்னால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை கண்ணா. ஒரு வார்த்தை சாக்குச் சொல்லாமல் நின்றார். "பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "தேவலைம்மா" என்றார், அவ்வளவுதான்.

ரிம்மில் போல்ட் போகும் ஓட்டைகள் கெட்டுவிட்டிருந்ததால் வேறு ரிம், புது போல்ட். சக்கரம் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு எடுத்தார். கையால் திருகினார், ஒன்றுக்கு எதிர் ஒன்றாக. டயர் தரையைத் தொட்ட பிறகுதான் ஒரு நீளமான ரெஞ்சை எடுத்தார், சரியான இறுக்கம் வந்ததும் அதுவே டக் என்று சொல்லிவிடும். காற்றழுத்தத்தில் ஓடும், துப்பாக்கி மாதிரி இருக்கும் கருவியை வைத்து முடுக்கிவிட்டால் இறுக்கம் அதிகமாகவும் போகும், குறைவாகவும் போகும், நமக்குத் தெரியாது. எல்லாம் முடிந்து, ஐம்பது கிலோமீட்டர் போல ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுவாங்க, இன்னொரு தடவை பார்க்கணும் என்றார். அப்பாதான் வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தார். அதோடு நின்றுவிட்டது. நீ சொல்வதற்கு முன்பே நான் தொடவில்லை. சாவியைக் கண்ணில் படாமல் அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

பெரியம்மா டாக்ஸியில் போய்வந்தாள். நானும்தான் கூட இருந்தேன். ஓட்டுகிறவர் நல்லவர்தான், அவசரக்காரர். திரும்பும் வழியில் பெரியம்மாவுக்கு வயிறு புரட்டும், உனக்குத் தெரியும். என் வண்டியென்றால் "நிறுத்துடி" என்பாள், நிறுத்துவேன், ஓரமாக அவள் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பேன். டாக்ஸியில் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு வீடுவரை வந்தாள். ஏன் சொல்லவில்லை என்றால் "அந்தத் தம்பிகிட்ட எப்படிடி சொல்றது, கூச்சமா இருக்கு" என்கிறாள். என்னிடம், நீயே ஓட்டு என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சொல்லாமலிருந்ததுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை ஒட்டகம் போன் செய்தார். இன்னும் வண்டி வரலையே என்றார். ஓட்டவே இல்லை, நின்றபடி இருக்கிறது, அப்படியே கொண்டுவரவா என்றேன். "ஓட்டாம கொண்டாந்தா நான் என்னத்தம்மா பாக்குறது? புது ரிம்மு, ஓடினாத்தான் அது தன் இடத்துல உக்காரும். உக்காந்தப்புறம்தான் நான் இறுக்க முடியும்" என்றார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையில் நின்றேன். பயம் முழுக்கத் தெளிந்த பிறகு ஓட்டலாம் என்றிருந்தேன். அது நடக்காது. ஓட்டாமல் அந்தச் சக்கரமும் சரியாகாது.

இன்று காலை ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். பெரியம்மா பின்னால், அப்பா பக்கத்தில். ரேடியோ போடவில்லை. ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டேன். கண்ணாடி அதிர்வது, பெரியம்மாவின் மூச்சு, அப்பா எதுவும் சொல்லாமலிருக்கப் படும் பாடு. திரும்பும்போது அவள் நிறுத்துடி என்றாள். நிறுத்தினேன். அவளை வீட்டில் படுக்கவைத்துவிட்டு, ஐம்பது கிலோமீட்டர் ஆகட்டும் என்று பெரிய சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு, நேரே கடைக்குப் போனோம். ஒட்டகம் ஒவ்வொரு போல்ட்டிலும் ரெஞ்சை வைத்தார், அசையாமல் டக் என்றது. ஒன்று மட்டும் கொஞ்சம் திரும்பி, அப்புறம் டக் என்றது. நான் அவரைப் பார்த்தேன். "இதுக்குத்தாம்மா வரச் சொன்னது" என்றார். எனக்குப் பயம் வரவில்லை. ஆச்சரியமாக இருந்தது, வரவில்லை.

நீயும் போன வாரம் டயர் மாற்றினேன் என்றாய். அடுத்த மாதம் குட்டியை வைத்துக்கொண்டு நீண்ட தூரம் போகப்போகிறாய். அதற்கு முன் கடைக்குப் போய், மறுபடி ரெஞ்சு வைத்துப் பாருங்கள் என்று கேள். சந்தேகப்படுகிறான் என்று நினைப்பார்களே என்று கூசாதே, நீ உன் அப்பாவைப் போல் இல்லை, என்னைப் போல் கூசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்தில் நில். வேலை நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதே. மருமகளிடம் வேளைக்குச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, எந்தக் குறையுமில்லாமல் இருக்கவேண்டும்.

வியாழக்கிழமை பெரியம்மாவுக்கு அடுத்த டயாலிசிஸ், அன்று காலை மட்டும் போன் செய்யாதே. எடுக்க முடியாது, வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா