சுற்றாத ஃபேன்

செவ்வாய், இரவு

உம்மாவைக் கிளினிக்கிலிருந்து கூட்டி வரும்போது பாலமுனையில் கார் கொதித்தது. ஏசியும் நின்றது. பின்சீட்டில் உம்மா வியர்த்துக் களைத்துப்போனார். ஓட்டி வந்தவள் நான்; பக்கத்தில் என் கணவர். ஆனால் அருகிலிருந்த கராஜிலிருந்து வந்த மெக்கானிக் பாஸ் அவரிடம் மட்டுமே கதைத்தார்.

"ஏசி கொம்பிரசர் போயிட்டு நானா. மாத்தணும்."

"ரேடியேட்டர் ஃபேனே சுத்தல்லியே. அதுக்குக் கரண்ட் குடுக்கிற ரிலேயைப் பாருங்க," என்றேன்.

"தங்கச்சி, நீங்க உள்ள இரிங்க. இது கரண்ட் வேலை."

பள்ளியில் மின்சுற்று படிப்பிப்பவள் நான்! எஞ்சினை நிறுத்தி, அதே அளவான ஹோர்ன் ரிலேயைக் கழற்றி ஃபேனுக்கு மாற்றினேன். திரும்ப ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் சுற்றியது, ஏசியும் குளிர்ந்தது.

பாஸ் என் கணவரின் தோளில் தட்டினார். "சரியாப் பிடிச்சீங்க நானா."

"ஓம், எனக்கும் அந்தச் சந்தேகம்தான் இருந்திச்சு," என்று இவர் சிரித்தார்.

சாவியை இவரிடம் கொடுத்துவிட்டு நான் பின்சீட்டில் உம்மாவோடு ஏறிக்கொண்டேன். என்ன கோபம் என்று இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.