ஐந்தாம் நம்பரில் வைரஸ்

மே 10, 2008. சனி

விருத்தாசலம் வட்டத்து ஜனங்களே, வேலையை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பாலக்கரை பக்கம் ஜாபர் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் இதுவரை ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத மூன்று ஜீவன்கள் இன்று முதல் பேச ஆரம்பித்துவிட்டன. பேச வைத்த மேதை: பிளஸ் டூ போகப்போகும் கதிர். அதாவது நான்.

வெளியே கத்திரி வெயில். தட்டிலும் கத்திரிக்காய். அம்மாவுக்கு மட்டும் எப்படித்தான் இந்தப் பொருத்தம்.

மூன்று ஜீவன்கள் (நான் வைத்த பெயர்):
வாத்தியார் - யார் எந்த மெஷினில் என்று பேர் எழுதும் சாஃப்ட்வேர்.
டாக்டர் - வைரஸ் பிடிப்பவர்.
கூர்க்கா - நெட் வரும் வாசலில் நிற்கும் ஃபயர்வால்.

இதுவரை என்ன கதி? டாக்டர் வைரஸ் பிடித்தாலும் கூர்க்காவுக்குத் தெரியாது. கூர்க்கா தடுத்தாலும், உட்கார்ந்திருந்தது யார் என்று வாத்தியாரைக் கேட்க மாட்டார். இப்போது நடுவில் ஒரு பொதுப் பலகை. அவரவருக்குத் தெரிந்ததை அதில் எழுத வேண்டியது, மற்ற இருவரும் படித்துக்கொள்ள வேண்டியது. டாக்டர் "5-ல் வைரஸ்" என்று எழுதினால் கூர்க்கா ஐந்துக்கு நெட்டை வெட்டுவார். வாத்தியார் அங்கே இருந்தவர் பேருக்கு நேரே சிவப்புப் புள்ளி வைப்பார்.

மூன்றே நாளில் முடித்தேன். தனியாக.

ஜாபர் அண்ணன்: "எட்டு மெஷினயும் ஒம் பலகையே பாத்துக்கும்னா நான் நிம்மதியா தொழுவப் போவேன்டா."

கூடப் படிக்கும் பாலாஜியும் இருந்தான். எப்போதும் அஞ்சாம் நம்பர், எப்போதும் கையில் ஒரு ரஃப் நோட்டு. சும்மா இருக்க மாட்டான். "மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு வச்சிருக்க. யார் வேணாலும் டாக்டர் பேர்ல எழுதலாம்டா. ஆளுக்கொண்ணு வைய்யி."

"நீ வாத்தியாருக்கே வாத்தியாராடா?" என்றேன். ஜாபர் அண்ணன் சிரித்தார். அது போதும்.

மே 11. ஞாயிறு

கரண்ட் இல்லை. அப்பா தூங்குகிறார். எழுத ஒன்றுமில்லை.

இருக்கிறது. பாலாஜி ஜாபர் அண்ணனிடம் "நாளைக்கு ஒங்ககிட்ட தனியா ஒண்ணு சொல்லணும்ணே" என்றானாம். என்ன சொல்லப்போகிறான்?

அவன் சென்டர் பக்கமே வராமல் செய்ய ஒரு வழி இருக்கிறது.

மே 12. திங்கள்



நாலு மணி. நான் ஒன்றாம் நம்பரில். நடுவில் தடுப்புப் பலகைகள், ஆள் முகம் தெரியாது. டாக்டர் பேரில் பலகையில் ஒரு வரி போட்டேன்: 5-ல் வைரஸ். பாலாஜி பேருக்குச் சிவப்புப் புள்ளி, ஜாபர் அண்ணன் காதைப் பிடித்து வெளியே விடுவார். அவ்வளவுதான் திட்டம்.

"ஐயோ!" என்று ஒரு பொம்பளைக் குரல்.

அஞ்சில் பாலாஜி இல்லை. மங்கலம்பேட்டை பெனாசிர் அக்கா. நர்ஸிங் முடித்தவர். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு நெட்டிலேயே இன்டர்வியூ. கேமரா அஞ்சில் மட்டும்தான் என்று பாலாஜி எழுந்து இடம் கொடுத்திருக்கிறான். பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம். மூன்றாவது கேள்வியில் கூர்க்கா வெட்டிவிட்டார்.

ஜாபர் அண்ணன் ஸ்க்ரீனைப் பார்த்தார். "ஏம்மா, பென் டிரைவு எதுனா போட்டியா?"

"சர்ட்டிபிகேட்டு இருந்துச்சுண்ணே. அது மட்டுந்தான்."

"அதுலதான் வந்துருக்குது. இந்தா பாரு, ஒம் பேருக்கு நேரா செவப்பு."

சுற்றி எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அக்கா துப்பட்டாவை இழுத்துக்கொண்டு பென் டிரைவைப் பையில் போட்டார். ஜாபர் அண்ணன் என் முதுகில் தட்டினார். "ஒம் மெஷினு மூணாம் நாளே புடிச்சிடுச்சு பாத்தியா!"

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மே 13. செவ்வாய்

காலையில் முதல் ஆளாகப் போய்ப் பலகையிலிருந்து அந்த வரியை அழித்தேன். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பதினோரு மணிக்கு அக்கா வந்தார். கெஞ்சி, போன் பண்ணி, இன்னொரு நேரம் வாங்கியிருக்கிறார். நாளை நாலு மணி. "இதான் கடைசின்னு சொல்லிட்டாங்கண்ணே. பென் டிரைவு கொண்டாரல. வேற எங்கயும் கேமரா இல்ல."

ஜாபர் அண்ணன் யோசித்து, "சரி, அஞ்சு வேணாம், மூணுல ஒக்காரு. கேமராவ மாத்தி வக்கிறேன்."

அம்மா சாயங்காலம் பொம்மை கம்பெனியிலிருந்து வந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அங்கே பச்சை மண்ணாக இருக்கும்போதே அவரவர் பொம்மையின் அடியில் அவரவர் குறி அழுத்திவிட வேண்டும். அம்மாவுக்கு மூணு புள்ளி. சூளையில் விரிசல் விட்டால் கவிழ்த்துப் பார்ப்பார்கள். எவளோ தன் விரிசல் பொம்மைகளில் அம்மாவின் மூணு புள்ளியை வைத்துவிட்டாளாம். "அடியப் பாத்தா ஆளு தெரியணும். சுட்டப்பறம் நான் இல்லன்னு யார்கிட்டடா சொல்றது?"



எழுந்து சென்டருக்கே போனேன். மூன்று பேருக்கும் தனித்தனிக் குறி. எனக்கும் ஒன்று. குறியில்லாத வரி பலகையில் ஏறாது. ஏறிய வரியை அழிக்க முடியாது; சொன்னவரே வாபஸ் என்று இன்னொரு வரி போட்டால்தான் உண்டு. டாக்டரின் பாஸ்வேர்டை எனக்கே தெரியாமல் ஜாபர் அண்ணனைப் போடச் சொன்னேன். பெரிய மனுஷத்தனம்.

ஆளுக்கொண்ணு. பாலாஜி சொன்னதுதான்.

மே 14. புதன்

3.40 - அக்கா வந்தார். மூணில். வாத்தியார் பேர் எழுதினார்.
3.48 - மூணில் நெட் இல்லை.

கூர்க்கா அன்றைக்கே வாத்தியார் வைத்த சிவப்புப் புள்ளியையும் படித்து, அக்கா பேரைத் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்! நான் அழித்தது பலகையை மட்டும். மெஷின் மாறினாலும் பேர் மாறவில்லையே. பெனாசிர் எங்கே உட்கார்ந்தாலும் வெட்டுவார்.

3.51 - வாபஸ் போட்டேன். ஏறவில்லை. டாக்டர் குறி வேண்டும்.

"அண்ணே, டாக்டர் பாஸ்வேர்ட கொஞ்சம் போடுங்கண்ணே."

"எதுக்கு?"

"அந்த வைரஸ் வரிய வாபஸ் வாங்க."

"டாக்டரு சொன்னத நாம எப்பட்றா அழிக்கிறது? மெஷினு பொய் சொல்லுமா?"

3.54. அக்கா எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, ஆறு நிமிஷந்தான் இருக்குது." பாலாஜி வாசலில் நின்று என்னையே பார்த்தான். அவன் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"டாக்டர் சொல்லலண்ணே. நான்தான் அவர் பேர்ல எழுதுனேன். பாலாஜிய வெரட்ட. அக்கா பென் டிரைவுல ஒண்ணுமே இல்ல."

ஜாபர் அண்ணன் என்னை அடிக்கவில்லை. கீ போர்டை இழுத்துப் பாஸ்வேர்டைத் தட்டினார். வாபஸ் ஏறியது. கூர்க்கா படித்தார்.

4.01 - மூணில் நெட்.

இருபத்தைந்து நிமிஷம் அக்கா இங்கிலீஷில் பேசினார். ஒருவரும் இருமக்கூட இல்லை. முடிந்ததும், "மெயில் அனுப்புறோம்னாங்க." கிடைக்குமா தெரியாது. நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, எம் பேருக்கு நேரா இருந்தது போயிடுச்சா? காட்டு."

காட்டினேன். குனிந்து பார்த்தார். போய்விட்டார்.

ஜாபர் அண்ணன்: "ஒங் குறி போட்டு எழுது, எல்லாரும் படிக்கிற மாதிரி." எழுதினேன். *12-ஆம் தேதி 5-ல் வைரஸ் இல்லை. பொய் எழுதியது கதிர்.* இதை யாராலும் அழிக்க முடியாது. நான் போட்ட விதி.

பிறகு கேட்டார்: "அது சரி, இவன ஏன்டா வெரட்டப் பாத்த?"

மழுப்பினேன். பாலாஜியும் வாய் திறக்கவில்லை. அவரிடம் சொல்லாததை இங்கே எழுதித் தொலைக்கிறேன். மூன்றே நாள், தனியாக என்று மேலே எழுதினேன் அல்லவா. பலகை என் யோசனையே இல்லை. பாலாஜியின் ரஃப் நோட்டில் பதினாலாம் பக்கத்திலிருந்து இருபதாம் பக்கம் வரை இருந்தது. ஒரு வாரம் இரவல் வாங்கி வைத்திருந்தேன். வரிக்கு வரி பார்த்து அடித்தேன். ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்பதும் இருபதாம் பக்கத்தில் இருந்தது. அதை அடிக்கச் சோம்பேறித்தனம். நானாகச் செய்தது அந்த மூன்றுக்கும் பேர் வைத்தது மட்டும்தான். வாத்தியார், டாக்டர், கூர்க்கா.