வரிசை தெரியாமல் நிற்கிறோம், ஸ்டீபன்

என் ராசா ஸ்டீபனுக்கு,

முதலில் நான் அசிங்கப்பட்ட கதையைக் கேள். போன வாரம் ஒரு ஃப்ளாப்பியை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திருவொற்றியூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். "என் பையன் வெச்சிட்டுப் போன ஃபைலு கீதுபா, பிரின்ட் போட்டுக் குடு" என்றேன். கடைக்காரர் திறந்தார். திரை முழுக்கக் கட்டம், கோடு, வாலறுந்த எழுத்து, நடுவில் ஒரு இதயம்.

"இன்னா அண்ணாத்த இது, வைரஸா?"

"இல்லபா. சி-ன்ற கம்ப்யூட்டர் பாஷைல பண்ணது."

"அண்ணாத்த, இது பைனரி. மெஷினு படிக்கிறது. பேப்பர்ல போட்டா ஒண்ணும் புரியாது."

அது எனக்குத் தெரியாதா என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, "பரவால்ல, போடு" என்றேன். பிரின்டர் தாள் தாளாகத் துப்பியது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? வீட்டில் உங்கம்மா ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தாள். "கோயி கெளறுனா மாரி கீது. இதுல எங்க கீறான் எம்புள்ள?" என்று கேட்டாள். தாள்களை அடுக்கி பீரோ மேல் வைத்தேன்.

உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மணலி ரோட்டில் இருக்கிற கன்டெய்னர் யார்டில் நான் கேட்டில் நிற்பவன். உள்ளே வரும் பெட்டியின் நம்பர், இருபது அடியா நாற்பதா, லோடா காலியா, எல்லாவற்றையும் கத்துவேன். கண்ணாடி அறைக்குள் நீ தட்டுவாய். அது போன் லைனில் ராயபுரம் ஆபீசுக்குப் போக வேண்டும். லைனோ பாதியில் அறுந்துபோகும். அதனால்தான் ஒரு வண்டியின் சமாச்சாரம் முழுவதையும் பத்துப் பன்னிரண்டு பைட்டுக்குள் மடக்குகிற புரோகிராமை நீ சி-யில் எழுதினாய். லோடா காலியா என்பதற்கு ஒரு முழு எழுத்தே வீண் என்பாய். இரண்டே பதில்தானே, அந்த எழுத்தில் எட்டில் ஒரு பங்கான ஒரு பிட் போதும் என்பாய்.

பத்தாம் வகுப்போடு நின்ற மண்டைக்கு அது ஏறவில்லை. சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு நீ விளக்கினாய்.

"நைனா, நம்ம வூட்ல எப்டி படுக்குறோம்? பீரோவாண்ட நீ, அப்பால அம்மா, அப்பால மேரி, கதவாண்ட நானு. நடுவுல செவுரு கீதா?"

"நாம கீற ஒரே ரூம்ல செவுரு வேற கேக்குதா உனக்கு?"

"ஆனா இருட்டுல எய்ந்தா யாரையாச்சும் மிதிக்கிறியா? வரிசை தெரியும், யாருக்கு எவ்ளோ எடம்னு தெரியும். என் ஃபைலும் அப்டித்தான். பேரு கெடையாது, கமா கெடையாது. வரிசைதான்."

"வரிசை தெரியாதவன் வந்தா?"

"அல்லாரையும் மிதிப்பான்."

உன் தங்கச்சி மேரி சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கதவுப் பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. உன் அத்தை வந்தபோது அங்கே பாயை விரித்தாள். உங்கம்மா அந்தப் பாயை இழுத்து உள்ளே போட்டாள். மேரி பிளஸ் டூ பாஸ். கம்ப்யூட்டர் படிக்க மாட்டேன் என்கிறாள்.

நீ போன பிறகும் உன் புரோகிராம் ஓடியது. ஆனால் எது எந்த வரிசையில் இருக்கிறது என்று காட்டும் சோர்ஸ் கோடு, நீ எழுதிய மூலப் பிரதி, போய்விட்டது. வேலையை விட்டுப் போகிறவரின் மெஷினைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பது நம் ஆபீஸ் வழக்கம். நீ வேலையை விட்டா போனாய்? துடைத்தவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

இப்போது புது கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. மேனேஜர் கெட்டவர் இல்லை. "ஸ்டீபன் ஃபைலை யாராவது பிரிச்சுப் படிச்சுக் காட்டுங்க, அவன் புரோகிராமையே புதுசோட சேத்து ஓட விடுறேன். இல்லன்னா வெள்ளிக்கிழமை நிறுத்துறதைத் தவிர வேற வழியில்ல மரியதாஸ்" என்றார். அந்தப் பழைய கணக்கு யாருக்கும் தேவையில்லை என்று எனக்கும் தெரியும். இருந்தும் ஃப்ளாப்பியைத் தூக்கிக்கொண்டு அலைந்தது அதனால்தான்.

உன் பக்கத்து சீட் ஜெனிபர் சாப்பாட்டு நேரத்தை எல்லாம் அதற்கே கொடுத்தாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு நானும் உட்கார்ந்தேன். பெட்டி நம்பரைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் கத்திய நம்பர்! ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டேன். அதற்கப்புறம் எல்லாம் குழம்பியது. காலிப் பெட்டியெல்லாம் லோடு என்று காட்டியது.

"அங்கிள், வண்டி வந்த நேரம் முப்பத்தோரு மணினு காட்டுது."

"மணலி ரோடு டிராபிக்ல அதுவும் நடக்கும்மா."

"வெளையாடாதீங்க அங்கிள். எங்கியோ ஒரு பிட்டு தள்ளிப் படிக்கிறேன். வரிசையைப் பத்தி ஸ்டீபன் உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லிருக்கானா?"

"சொன்னான்மா. பீரோவாண்ட நானு, அப்பால அவங்கம்மா."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். எந்தப் பிட் தள்ளிப்போனது ஸ்டீபா? நேரத்துக்கு முன்னால் என்ன வைத்தாய்? ஒன்றும் இல்லாத இடம் எதையாவது விட்டு வைத்தாயா?

வெள்ளிக்கிழமை மதியம் நிறுத்தினார்கள். நான் போய் நின்றேன். ஜெனிபர் வரவில்லை. மேனேஜர் கீபோர்டில் கையை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏதாவது சொல்லணுமா மரியதாஸ்?" என்று மெதுவாகக் கேட்டார். "இன்னா சார் கீது சொல்றதுக்கு? ஏசி ரொம்ப சில்லுன்னு கீது, அவ்ளோதான்" என்றேன். அவர் ஒரு பட்டனைத் தட்டினார். திரை கறுப்பானது. வெளியே டிரெய்லர்க்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். நான் கேட்டுக்குப் போய்விட்டேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாளே வந்து, வேறு யாரையும் தொடவிடாமல், உன் கல்லறைக்கு என் கையாலேயே வெள்ளையடிப்பேன். என் கை ஓடும் வரைக்கும் வருஷா வருஷம் வருவேன். அதைவிடப் பெரிதாக எதையும் என்னால் செய்ய முடியும் என்று தோன்றவில்லை, ராசா.

மேனேஜரிடம் வாய்விட்டுச் சொல்லாததை உன்னிடம் சொல்லிவிடுகிறேன்: சார், இன்னிக்குக் காலைல வரிக்கும் எம்புள்ள வேலைக்கு வந்துகினுதான் இருந்தான்.

உன் நைனா,
மரியதாஸ்