பூமிளகாய் சிவக்கட்டும்

1968 மே 12, ஞாயிறு. லம்பா லைன்.

பூசைக்குப் போய் வந்ததும் முதல் வேலையாகப் பூமிளகாய்க்கு நுனி கிள்ளினேன். கிள்ளினால்தான் பக்கக் கிளை விட்டுக் குடையாக விரியும். சும்மா விட்டால் ஒற்றைக் குச்சியாக நெடுநெடுவென்று போகும், என் மகன் பிரகாசம் போல.

புது மருமகள் ஞானசெல்வி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர் வீட்டுப் பெண். இந்தத் தீவில் கப்பலிறங்கி மூன்று வாரம் ஆகிறது. "சரி அத்தே", "இல்ல அத்தே" தவிர வேறு பேச்சில்லை. அவள் இன்றைக்குத் தானாக, "இது கறிக்கா அத்தே?" என்று கேட்டாள்.

அவள் வாய் திறந்த சந்தோஷத்தில் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னத் பீவியின் தம்பி அய்யூப் கப்பலில் வேலை செய்கிறவன், அவன் பினாங்கிலிருந்து கொண்டு வந்த விதை. காயெல்லாம் தொங்காமல் வானத்தைப் பார்த்து நிற்கும். ஒரே செடியில் வெள்ளை, கத்தரிப்பூ நிறம், மஞ்சள், காவி, சிவப்பு எல்லாம் ஒன்றாக இருக்கும். தின்னலாம், ஆனால் நாக்கு வெந்துபோகும். பார்க்கத்தான் வளர்க்கிறேன் என்றேன்.

"பாக்கவா? மிளகாயப் போய் யாராவது பாப்பாங்களா?" என்றாள். சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

நான் அவ்வளவு பேசியிருக்க வேண்டாம். அமுதம், உனக்கு வாய் நீளம்.

மே 17

பிரகாசம் வடக்கே திக்லிபூர் போயிருக்கிறான். சர்க்கார் போட்டில் இஞ்சின் டிரைவர் வேலை. எப்போது வருவான் என்பது கடலைப் பொறுத்தது. கல்யாணம் முடிந்த ஈரம் காயவில்லை, பெண்டாட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஆசை ஆசையாகப் படாக் மரப் பலகையில் ஓர் அலமாரி அடித்தான், வருகிறவள் துணி வைக்க. அது காலியாகவே இருக்கிறது. செல்வி தினமும் கட்டிலுக்கடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுப்பாள், ஒரு சேலையை எடுப்பாள், துவைத்து உலர்ந்ததை மடித்து உள்ளே வைப்பாள், பெட்டியை மறுபடி தள்ளிவிடுவாள். சத்திரத்தில் தங்கியிருக்கிறவள் மாதிரி.

கேட்கலாமா? கேட்டால் அழுதுவிடுவாள். அழுதால் நானும் அழுதுவிடுவேன். கேட்கவில்லை.

மே 29

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைச் சத்தத்தில் நான் சொல்லும் ஜெபமாலை எனக்கே கேட்கவில்லை. பூமிளகாய்க்கு வேர் ஊறினால் ஆகாது. எல்லா டின்னையும் தாழ்வாரத்துக்கு இழுத்தேன். மண்ணெண்ணெய் டின்னில் வைத்த செடிகள், நல்ல கனம்.

செல்வி சுவரோடு ஒட்டி உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப விடும் அத்தே?"

"இதுவா? கிறிஸ்மசுக்கு விடும்" என்றேன் விளையாட்டாக. பொய்யும் இல்லை.

அவள் முகம் அப்படியே செத்துவிட்டது. "எங்க ஊர்ல மழை வந்தா பாத்தியில கிடக்க உப்பெல்லாம் கரைஞ்சிரும் அத்தே. அப்பா வேலையில்லாம குந்தியிருப்பாங்க. மழைன்னாலே எங்களுக்குப் பட்டினிதான்."

நமக்கு மழையென்றால் குடிக்கிற தண்ணீர். அவளுக்குக் கூரையில் ஆறு மாதம் பட்டினி கொட்டுகிறது. பாவம், இந்தப் பிள்ளையை எங்கே கொண்டு வந்து போட்டிருக்கிறோம்?

ஜூன் 8

ஜப்பான் நத்தை வந்துவிட்டது. சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் கொண்டு வந்தது என்பார்கள். அவன் போய்ச் சேர்ந்தான், இது போகவில்லை. உள்ளங்கை நீளத்துக்கு ஒவ்வொன்றும். இரண்டு செடியை மொட்டையடித்துவிட்டது. பொறுக்கி வாளியில் போட்டேன். என் வாயில் வந்ததையெல்லாம் சாமியார் கேட்டிருந்தால் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிட்டிருப்பார்.

பிறகு கொல்லைத் தென்னங்கன்றின் தூரில் இரண்டு கை கல்லுப்பு போட்டேன். செல்வி பதறிப்போய், "உப்ப ஏன் அத்தே மண்ணுல கொட்டுதீங்க?" என்றாள்.

"உப்பு போட்டாத்தான் ஏட்டி தேறும். மரத்துக்கும் ருசி வேண்டாமா?"

சிரித்தாள்! "எங்க ஊரு உப்பு செடிக்குக்கூட நல்லதா அத்தே!" என்று சொல்லிச் சிரித்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜூன் 15

மீன் குழம்புக்குச் செல்வி இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாள். எழுதி வைக்க வேண்டிய விஷயம்.

ஜூன் 22

சிப்பிகாட்டில் சொந்தக்காரர் இருதயநாதன் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கி இப்போதுதான் வந்தேன்.

போச்சு. எல்லாம் போச்சு.

பூமிளகாய் அத்தனையும் தலை தொங்கிக் கிடக்கிறது. இலை ஓரமெல்லாம் கருகி, மொட்டு உதிர்ந்து, பூ உதிர்ந்து... தாழ்வாரம் முழுக்கச் செத்த நத்தை. டின்னுக்கு டின் உப்பு. கை கையாக அள்ளிப் போட்டிருக்கிறாள்! சாரல் அடித்து அவ்வளவும் வேருக்குள் இறங்கிவிட்டது.

"நத்த வராதுன்னு... செடிக்கும் நல்லதுன்னு..." என்று நின்றாள்.

அடி பாவி! கேக்க மாட்டியா? ஒரு வார்த்த கேட்டா வாய் முத்தா உதிர்ந்திரும்? எத்தன வருசமா கண்ணுல வச்சு வளத்த செடி! வாயிலே வந்துவிட்டது: "நீ கை வச்சா எதுவும் வெளங்காதுட்டி!"

சொல்லிவிட்டேன். அவள் விளக்குமாற்றை எடுத்துச் செத்த நத்தையைக் கூட்ட ஆரம்பித்தாள்.

ஜூன் 23

காலையில் கட்டிலுக்கடியில் பெட்டி இல்லை. வாசலோரம் வந்திருக்கிறது. பூட்டுப் போட்டு.

"அவுக வந்ததும் கப்பலுக்குச் சொல்லச் சொல்லுங்க அத்தே. நான் ஊருக்குப் போறேன்."

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நேற்று அவ்வளவு நீளமாக இருந்த வாய்.

ஜன்னத் பீவி வந்தாள். அவளிடமாவது விதை இருக்கும் என்று நினைத்தேன். "அரே அக்கா, எல்லாத்தையும் ஆடு தின்னு மாசக்கணக்காச்சு. உங்க செடிதான் பாக்கி" என்றாள். நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். கேட்டுவிட்டு என்னை முறைத்தாள்.

"தென்னைக்கு உப்பு போட்டது யாரு? நல்லதுன்னு சொன்னது யாரு? பச்சப்புள்ள, பாத்ததச் செஞ்சிருக்கு. அதுக்குத் தெரியுமா எது தென்ன, எது மிளகாய்னு? செடி போனா போவுது, சோடோ, விடுங்க. மருமக போயிட்டா எந்தக் கப்பல்லக்கா திருப்பிக் கொண்டாருவீங்க?"

உண்மைதான். நானேதான் காட்டிக்கொடுத்தேன். அவள் எனக்கு உதவி செய்ய நினைத்த முதல் காரியம் அது. அவளுடைய ஊரிலிருந்து அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பொருளை எடுத்துக்கொண்டு வந்து செய்திருக்கிறாள்.

மன்னித்துக்கொள் என்று சொல்லப் போனேன். "சாப்பிட வா" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன பிறவியோ நான்.

ஜூன் 25

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம் மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது. தாழ்வாரத்தில் கரகரவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் செல்வி டின்னையெல்லாம் மழைக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறாள். தலை முதல் கால் வரை தொப்பலாக. மழையைக் கண்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்ளுகிறவள்!

"ஏட்டி, இருக்க உயிரும் போயிரும், உள்ள கொண்டா!" என்று ஓடினேன்.

"உள்ள வச்சாத்தான் அத்தே போயிரும்!" என்று கத்தினாள். என்னிடம் அவள் சத்தம் போட்டது இதுதான் முதல். "உப்புக்குப் பகை மழைதான். எங்கப்பா பாத்திய ஒரே மழை முழுசா தின்னத நான் கண்ணால பாத்திருக்கேன். இது எத்தன கை உப்பு? கரைச்சுக் கொண்டு போயிராது?"

ஒரு நிமிடம் நின்றேன். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் இறங்கிவிட்டேன். மேல் மண்ணை வழித்து எறிந்தோம். டின்னுக்கடியில் இருந்த ஒற்றை ஓட்டையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். இரண்டு ஓட்டை போட்டு நிறுத்தினாள்.

"ரெண்டு பத்தாது, இன்னும் போடு" என்றேன்.

மழை மண்ணில் நுழைந்து கீழே சலசலவென்று ஓட ஆரம்பித்தது. செல்வி அந்தத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "கரிக்குது! போகுது அத்தே, உப்பு போகுது!" நானும் நக்கிப் பார்த்தேன். பீவி ஜன்னல் வழியாகப் பார்த்து, "பாகல் ஹோ கயா க்யா, ரெண்டு பேருக்கும் பைத்தியமா?" என்று கத்தினாள்.

சாயங்காலம் தண்ணீர் சப்பென்று ஆகிவிட்டது. கருகின கிளையெல்லாம் நறுக்கிவிட்டேன். குச்சிதான் மிச்சம்.

தலை துவட்டிவிடும்போது சொல்லிவிட்டேன். "நான் சொன்ன சொல்ல மனசுல வச்சுக்காத தாயி. அது என் வாய்க்கொழுப்பு." அவள் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பெட்டி மட்டும் வாசலோரமேதான் இருக்கிறது.

ஜூலை 2

பிரகாசம் வந்தான். "அம்மா, அவ அழுதா என்னால பாக்க முடியல. ஆகஸ்ட் கப்பலுக்குச் சொல்லி வச்சிருக்கேன். கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்."

கொஞ்ச நாள் என்று போனவர்களை எனக்குத் தெரியும். மெயின்லேண்டில் காலை வைத்தவர்களுக்கு இந்தக் கடல் இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும். "அவ இஷ்டம்" என்றேன். தடுக்க எனக்கு என்ன உரிமை?

ஜூலை 9

மூன்று குச்சியில் கணுவுக்குக் கணு பச்சை முளை! கடுகளவு. மற்றது செத்துவிட்டது. செல்விதான் முதலில் பார்த்தாள். என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடினேன்.

ஜூலை 28

காலையில் எழுந்து நத்தை பொறுக்குவது இப்போது அவள் வேலை. ஒவ்வொன்றையும், "போடா ஜப்பான்காரா" என்று சொல்லி வாளியில் போடுகிறாள். போன பிறகு யார் சொல்வார்கள்?

ஆகஸ்ட் 19

நாளை மறுநாள் கப்பல். அவள் அம்மாவுக்குக் கருவாடு கட்டி வைத்தேன். அவளுக்குப் பிடிக்குமே என்று தேங்காய் மிட்டாய் கிண்டினேன், அடி பிடித்துவிட்டது. கவனம் எங்கே இருந்தது?

ஆகஸ்ட் 20

செல்வி அடுப்படிக்கு வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே, "பெரிய செடியில பூ வச்சிருக்கு அத்தே. நான் இதுவரைக்கும் காய் பாத்ததே இல்ல. அடுத்த கப்பல்ல போறேனே?" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றேன், ரொம்பச் சாதாரணமாக. கொல்லைக்குப் போய்த் தென்னங்கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 17

காய் வெள்ளையாகப் பிடித்து, ஒரு பக்கம் கத்தரிப்பூ நிறம் ஏறுகிறது. கப்பல் வந்து நிற்கிறது. "கலர் முழுசா மாறட்டும் அத்தே" என்றாள். பிரகாசம் என்னைப் பார்த்தான். நான் மீனைப் பார்த்தேன்.

அக்டோபர் 14

அம்மாடி! ஒரே செடியில் அத்தனை நிறமும். செல்வி காலையிலிருந்து நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "மிளகாயப் போய் யாராவது பாப்பாங்களாட்டி?" என்று கேட்டேன். "போங்க அத்தே" என்று தோளில் இடித்தாள்.

இந்தக் கப்பலைப் பற்றி அவள் சொன்னது: "எல்லாம் சிவக்கட்டும். அம்மைக்கு விதை கொண்டு போறேன்."

அப்படியென்றால் போகத்தான் போகிறாள். சரி. வெறுங்கையோடு போகவில்லையே என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அக்டோபர் 30

பழம் பிளந்து விதை எடுத்தோம். ஈர நாளில் வெயிலுக்கு எங்கே போவது? அடுப்புக்கு மேலே பரணில் தாள் விரித்துக் காயவைத்திருக்கிறோம். அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்துவிட்டு இரண்டு பேரும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம். ஆனால் எனக்கு வந்த கண்ணீரில் மிளகாயால் வந்தது எவ்வளவோ தெரியாது.

நவம்பர் 12

நாளைக்குக் கப்பல். ஒரு பிடி விதையைத் துணியில் முடிந்து கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். போகிறாயா என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 13

காலையில் கொல்லையில் டங் டங்கென்று சத்தம். பெட்டிக்குக் கொக்கி அடிக்கிறாள், கிளம்பிவிட்டாள் என்று நினைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழியனுப்புகிற முகத்தை வைத்துக்கொண்டு போனேன்.

டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஆணியை வைத்து அடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் மக்கின இலையும் மண்ணும் கலந்து குவித்திருக்கிறது. மேலே என் துணி முடிச்சு.

"அம்மைக்கு அய்யூப் அண்ணன் கப்பல்ல பாதி விதை குடுத்து விட்டுட்டேன் அத்தே. மீதிய விதைக்க டின்னு பத்தல. அதான்" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

உள்ளே ஓடிப் போய்ப் பார்த்தேன். படாக் அலமாரி நிறையச் சேலை. மேல்தட்டில் அவள் கல்யாணப் பட்டு.

திரும்பி வந்தேன். நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"கல்யாணப் பெட்டியப் போய் இப்படிப் பாழாக்குவாளாட்டி ஒருத்தி? தள்ளு, ரெண்டு ஓட்ட பத்தாது."

சுத்தியலை வாங்கி, மீதியை நானே போட்டேன்.