நூற்றி அறுபது மைலுக்கு அங்கால ஒரு முற்றுப்புள்ளி

யேசு மரி சூசை துணை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.06.1982

அன்பு மகன் பற்றிக்குக்கு அப்பா எழுதிக்கொள்வது,

ஆண்டவர் புண்ணியத்தில நானும் அம்மாவும் தங்கச்சியும் இருக்கிறபடி இருக்கிறம், நீயும் மருமகளும் லண்டன் குளிருக்க சுகமாய் இருக்கோணுமெண்டு மாதாவைக் கேட்டபடி இதை எழுதுறன். உன்ர கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைச்சது, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான், இடது கையைத் தூக்கி உன்ர படத்தைக் காட்டினவ. வலது பக்கம் இன்னும் வழங்கேல்லை, இனி இவ்வளவுதான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அவ குழறிக் கதைக்கிறது எனக்கும் தங்கச்சி இன்பமலருக்கும் விளங்கும், வெளி ஆக்களுக்கு விளங்காது. கச்சான் காத்து தொடங்கி வீடு முழுக்கப் புழுதி. அக்கா அருள்மலர் திரியாயிலிருந்து ஈஸ்டருக்கு வந்து ரெண்டு நாள் நிண்டவள், வயலையும் மூண்டு பிள்ளையளையும் விட்டிட்டு அதுக்கு மேல அவளால நிக்க ஏலாது, குறை சொல்லவும் ஏலாது.

இன்பமலரை ஏன் இன்னும் கொழும்புக்கு அனுப்பேல்லை, லண்டனில கொம்பியூட்டர் வேலைக்கு ஆக்களைத் தேடித் திரியினம், அவள் வீட்டில முடங்கிக் கிடக்கிறாள் எண்டு கொஞ்சம் கோபமாய்த்தான் எழுதியிருந்தாய். நீ எழுதினது பிழையில்லை மகன், ஆனா இங்க நடந்தது முழுக்க உனக்குத் தெரியாது. போன வருசம் தை மாதம் அம்மா பாரிசவாதத்தில விழுந்தவுடன அவள் கொழும்புக் கோட்டைக் கொம்பனி வேலையை விட்டிட்டு வந்தது தெரியும்தானே. அங்க அவளுக்கு மேல இருந்த கனகசுந்தரம் எண்டவர் நல்ல மனுசன், இந்தக் கெட்டிக்காரியை விட மனமில்லை எண்டு சொல்லி வேலையைத் தபாலில அனுப்பத் தொடங்கினார். இவள் குசினி மேசையில இருந்து கட்டம் போட்ட தாளில பென்சிலால புறோகிராம் எழுதுவாள், ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. நான் சைக்கிளில கொண்டுபோய்த் தபால் கந்தோரில குடுப்பன், அது இரவு மெயில் ரயிலில கொழும்புக்குப் போகும். அங்க ஒரு பிள்ளை அதைப் பார்த்து அட்டையில துளை போட்டு மெசினுக்குக் குடுக்கும், மெசின் என்ன சொன்னதெண்டு நீளத் தாளில அடிச்சு ஒரு கிழமைக்குப் பிறகு எங்களுக்கு வந்து சேரும்.

மாசி மாதம் ஒரு தேயிலைத் தோட்டத்தின்ர சம்பளக் கணக்கு வேலை வந்தது. பதினொரு நாள் இருந்து எழுதி அனுப்பினவள். எட்டாம் நாள் தாள் திரும்பி வந்தது, விரிச்சால் பக்கம் பக்கமாய்ப் பிழை. பார்த்தால் நாலாம் தாளில ஒரு வரியின்ர கடைசியில முற்றுப்புள்ளி வைக்க மறந்துபோனாள், அதாலதான் கீழ எழுதின எல்லாம் பிழையெண்டு மெசின் சொல்லியிருக்கு. புள்ளியைப் போட்டுத் திருப்பி அனுப்பினம். அடுத்த முறை இவளில பிழையில்லை, துளை போட்ட பிள்ளை ஒரு எழுத்தை மாத்திக் குத்திப்போட்டுது, அதுக்கும் இன்னொரு எட்டு நாள். மாசமும் முடிஞ்சுது, தோட்டக்காரர் பொறுக்கேல்லை, மெசினுக்குப் பக்கத்தில கதிரை போட்டிருந்த பொடியன் ஒருத்தன் அதே தாளை எடுத்து ஒரு பின்னேரத்துக்குள்ள சரிப்பண்ணிக் குடுத்திட்டானாம். இன்பம் அழேல்லை. என்னைப் பார்த்து, "அப்பா, பிழை ஒரு புள்ளிதான். ஆனா அது நூற்றி அறுபது மைலுக்கு அங்கால கிடக்குது" எண்டாள்.

இங்கேயே வேறை வேலை தேடாமலும் இல்லை. துறைமுகத்துக் கந்தோர்கள் எல்லாம் ஏறி இறங்கினவள், அந்த மெசினைக் கண்ட ஆளே அங்க இல்லை. அரசாங்கக் கச்சேரியில கிளார்க் வேலைக்குச் சிங்களம் பாஸ் பண்ணோணுமாம். கடைசியில தாஹிர் முதலாளியின்ர வள்ளச் சாமான் கடையில டைப் அடிக்கிறாள், காலையில மட்டும். அந்த நேரம் அம்மாவை நான்தான் பார்க்கிறனான். எனக்கு அறுபத்தொன்பது வயது மகன், அவவைத் தனியத் தூக்க ஏலாமல் ரெண்டு தரம் அவவோட சேர்ந்து நானும் நிலத்தில இருந்திட்டன், இன்பம் வருமட்டும் ரெண்டு பேரும் அப்பிடியே இருந்தம். இதை உனக்கு முந்தி எழுதேல்லை.

இனி எழுதப்போறதுக்குத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தனான். பங்குனி ஒன்பதாம் திகதி தபால்காரர் ஸெய்னுதீன் ஒரு கடிதம் கொண்டுவந்து தந்தார், இன்பம் கடைக்குப் போயிருந்தாள். கொம்பனிக் கடிதம், உறை சரியாய் ஒட்டாமல் கிடந்தது, நான் வாசிச்சன். கொழும்பில நிரந்தர வேலை, சேமலாப நிதியும் உண்டு, சம்பளம் இங்க ஒரு பெரிய கிளார்க் எடுக்கிறதைப்போல ரெண்டு மடங்கு, பங்குனி இருபதுக்கு முன்னம் வந்து கையெழுத்து வைக்கோணும். வாசிச்சு முடிய உள்ளுக்கிருந்து அம்மா தண்ணி கேட்டா. நான் அந்தக் கடிதத்தைப் பைபிளுக்குள்ள வைச்சிட்டுத் தண்ணி எடுக்கப் போனன். பிறகு ஒன்பது நாள் அதை வெளிய எடுக்கேல்லை. ஒவ்வொரு நாளும் இண்டைக்குக் குடுப்பம் எண்டு நினைப்பன், அவள் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கிறதைப் பார்ப்பன், குடுக்கமாட்டன். பதினெட்டாம் திகதி குடுத்தன், இப்பதான் வந்தது எண்டு சொன்னன். அவள் ஓடிப்போய்த் தந்தி அடிச்சாள், வீட்டு ஒழுங்கு பார்க்க இன்னும் ஒரு மாதம் தாங்கோ எண்டு. மறுமொழி வந்தது, அந்த இடத்தை வேறை ஆளுக்குக் குடுத்தாச்சாம். கொழும்புக்குப் பக்கத்தில வத்தளையில வீடுள்ள பொடியனாம். ஒன்பது நாள் முந்திக் கேட்டிருந்தால் தவணை தந்திருப்பினம் எண்டுதான் நான் நினைக்கிறன். கனகசுந்தரம் தனியாய் ரெண்டு வரி எழுதியிருந்தார், இனித் தபாலில வேலை அனுப்ப மேலிடம் விடாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி எண்டு.

மூண்டு மாதமாய் இதை மனசில வைச்சுக்கொண்டு பூசைக்குப் போயும் நற்கருணை எடுக்கேல்லை. உன்ர கடிதத்தை வாசிச்ச பிறகு தாங்க ஏலாமல் போச்சு. நேற்றுக் கோயிலால வந்து, அவள் குசினியில மீன் வெட்டிக்கொண்டு இருக்கேக்க எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். அவள் கத்தியை வைக்கவுமில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

"தெரியும் அப்பா. உறையில தபால் முத்திரைத் திகதி இருந்தது. அண்டைக்கே கண்டனான்."

அப்ப ஏன் பிள்ளை கேட்கேல்லை எண்டன். "ஒன்பதாம் திகதியே தந்திருந்தால் நான் போயிருப்பனோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. அதை நான் தெரிஞ்சுகொள்ளத் தேவையில்லாமல் பண்ணிப்போட்டீங்கள்" எண்டு சொன்னாள். அது கோபமோ ஆறுதலோ எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. அதுக்குள்ள அம்மா கூப்பிட்டா, கையைக் கழுவிக்கொண்டு உள்ளுக்குப் போனாள்.

அதால மகன், கொழும்புக்குப் போ எண்டு அவளுக்கு இனி எழுதாதை. லீவு எடுத்து ஆறு மாதம் வந்து நிற்க ஏலுமெண்டால் வா, நீ அம்மாவோட நிண்டால் அவள் போய் ஒரு வேலையும் இருக்க இடமும் பிடிச்சுப்போடுவாள், பிறகு நாங்கள் பின்னால போகலாம். உன்ர வேலைக்கு அது பழுதெண்டால் வராதை, ஆனா ஏலாது எண்டதை எனக்கு நேரா எழுது, அவளுக்கு நான் சொல்லுறன். இந்த முறை வந்த அண்டைக்கே சொல்லுவன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, ஞாயிறு பூசையை விடாதை. மாதா உங்கள் ரெண்டு பேரையும் தன்ர கைக்குள்ள வைச்சிருப்பாவாக. அம்மா இடது கையால கீழ ஒரு சிலுவை போட்டிருக்கிறா, கோணலெண்டு நினையாதை.

உன்னை ஆசீர்வதிக்கும் அப்பா,
ம. பஸ்தியாம்பிள்ளை