பெள்ளி போட்ட பிரேக்கும் நான் போட்ட சிப்பும்

ஏனுங்க,

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்களை நான் இப்படித்தான் கூப்பிட்டேன். இந்தக் கடிதத்திலும் வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கூப்பிட்டால் "என்ன சாந்தா?" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வரும். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இப்போதும் ஒர்க்‌ஷாப்பில் ஏதாவது வண்டிக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் அந்த 'ஏனுங்க' வாய் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது.

இங்கே நிலைமை மாறவில்லை. பச்சைத் தேயிலை விலை இன்னும் ஏறவில்லை. எமரால்டு ஊர்ப் பக்கம் சில பேர் இலையைப் பறிக்காமலே விட்டுவிட்டார்கள். பறிக்கிற கூலிக்கே கட்டவில்லையாம். நாம் வேலை பார்த்துக்கொடுத்த ஃபேக்டரி ஜீப்புகள் பாதி, டயர் இறங்கி ஷெட்டில் நிற்கின்றன. உங்கள் மகள் கவிதா பன்னிரண்டாம் வகுப்பு. உங்களைப் போலவே நகத்தைக் கடிக்கிறாள். எனக்குத்தான் பயம் விடவில்லை. டெலிபோன் மணி அடித்தால் பயம், எந்த வண்டியாவது இன்ஜினை உறுமவிட்டால் பயம். ஏன் என்று ஊருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் நினைவிருக்கிறதா? நினைவில்லாமல் எப்படி இருக்கும். எஸ்டேட் முதலாளியின் அப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு சீட் வண்டி. தேயிலை விலை விழுந்த பிறகு அதை விற்றுவிட முதலாளி முடிவு செய்தார். வாங்க வந்த பெங்களூர்க்காரர், பழைய வண்டியாக இருந்தாலும் புது வண்டி மாதிரி இழுக்க வேண்டும் என்றார். சிப்பையும் அவரே வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்துவிட்டார்.

விரல் நகம் அளவு சாமான்தான். வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டியில் இருக்கும் கம்பெனி சிப்பை எடுத்துவிட்டு இதை வைத்தால், பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும், பிளக் எந்த நொடியில் பொறி விட வேண்டும் என்ற கணக்கெல்லாம் மாறிவிடும். அதே இன்ஜின் இன்னும் வேகமாகப் பாயும். இன்ஜினும் கியரும் உங்கள் வேலை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் என்று பெட்டியை என் மேஜையில் வைத்தீர்கள். பக்கத்து ஷெட் பெள்ளி பிரேக் முழுக்கப் புதிதாகப் பார்த்துக் கொடுத்தார்.

சிப்போடு ஒரு காகிதம் வந்திருந்தது. பொடி எழுத்தில் ஆங்கிலம். "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டீர்கள்.

"எப்படி மாட்டறதுன்னுதானுங்க போட்டிருக்கு" என்றேன்.

பொய்ங்க. கடைசி வரியில், உயர்ந்த ரகப் பெட்ரோல் மட்டும்தான் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் கெட்டுப்போகும் என்று போட்டிருந்தது. அந்த ரகம் அப்போது நம் மலையில் எந்த பங்க்கிலும் கிடையாது. படித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். சொல்லியிருந்தால் நீங்கள் அந்த நிமிடமே வேலையைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். மாதக்கணக்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மனுஷன், அன்றைக்குக் காலையில் விசிலடித்துக்கொண்டே கையைக் கழுவினீர்கள். அந்த முகத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா, இல்லை நினைக்கவே இல்லையா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

குன்னூரில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி பாடியது. இங்கே காற்று மெலிசு, குளிர் வேறு. கீழே போனால் காற்று கனம், வெயில். சாதாரணப் பெட்ரோல் அந்தச் சூட்டில் நேரத்துக்கு முன்னால் தீப்பிடிக்கும்; உள்ளே சுத்தியலால் தட்டுகிற மாதிரி அடித்து பிஸ்டனையே உருக்கிவிடும். அது எனக்குப் பின்னால்தான் முழுதாகப் புரிந்தது. நீங்கள் மறுநாள் டிரையல் பார்க்க மலை இறங்கினீர்கள். கல்லாறு தாண்டி, பாக்குத் தோப்பு நடுவில் நேராகப் போகிற ரோட்டில் வேகமாக விட்டிருக்கிறீர்கள். பின் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு, ரோட்டில் நீளமாகக் கருப்புக் கோடு விழுந்து, புளியமரம்.

அந்தக் கோட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். பிரேக் ஜாம்.

மூன்றாம் நாள், வண்டியை ஒதுக்கி வைத்திருந்த இடத்துக்குப் போனேன். பின்பக்கம் ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நின்றது. தள்ளினேன், அசையவில்லை. உள்ளே கையை விட்டு கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு மறுபடியும் சுற்றினேன். காற்றாடி மாதிரி லேசாகச் சுற்றியது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கவே இல்லை. பூட்டிக்கொண்டது இன்ஜின். உங்கள் ஸ்பேனரால் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனையில் வெள்ளிப் பொட்டுப் பொட்டாக, உருகிய பிஸ்டன் ஒட்டியிருந்தது.

பிளக்கை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

பெள்ளி கேதம் விசாரிக்க வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் அவரிடம் பிரேக் வேலைக்கு வருகிற வண்டிகள் நின்றுவிட்டன. ஷெட்டைப் பூட்டிவிட்டு, பழைய ஜீப் ஒன்றில் தோட்டங்களிலிருந்து இலை ஏற்றிப் போக ஆரம்பித்தார். வழியில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார். நான் தலை குனிய வேண்டிய இடத்தில் அவர் குனிந்தார். அதையும் பார்த்துக்கொண்டு இருந்தேனுங்க.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், பதினைந்து இருபது வருடத்து வண்டி, கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். அந்தக் கணவர் கையில் அதே போன்ற சிப். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேறு வேலையே இல்லை என்பது உண்மை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன் போலிருக்கிறது.

இந்த முறை காகிதத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "நல்ல பெட்ரோல் மட்டும்தானுங்க ஊத்தணும். சாதாரணத்த ஊத்திக்கிட்டு கீழே எறங்கக் கூடாது."

"கோயமுத்தூர்ல இப்ப அந்த ரகம் வந்துருச்சுங்க. அதுதான் போட்டிருக்கேன், அதுதான் போடுவேன்" என்றார். நம்பினேன். நம்பத் தோதாக இருந்தது. கம்பெனி சிப்பைக் கொடுத்தபோது, "பழசு எனக்கெதுக்குங்க, நீங்களே வெச்சுக்கங்க" என்று சிரித்தார்.

வண்டி கிளம்பியது. நேராக எதிரில் இருக்கும் பங்க்கில் நுழைந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். சாதாரணப் பெட்ரோல், டேங்க் நிறைய. அவருடைய மனைவி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துக் கையசைத்தாள். கால் நகரவில்லை. கால் நகர்ந்தபோது வண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் திரும்பிவிட்டது.

பழைய சிப்பையும் ஸ்குரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஒரு டாக்சி கூட இல்லை. இலை இறக்கிவிட்டு நின்றிருந்தது ஒரே ஒரு ஜீப். பெள்ளியின் ஜீப்.

"பெள்ளி, அந்தச் செவப்புக் காரப் புடிக்கணும். கீழே எறங்கறதுக்குள்ள புடிக்கணும்."

அவர் என்னை முழுதாக ஒரு முறை பார்த்தார். "ஏறுங்கக்கா" என்றார்.

அந்த மூன்றாம் நாளுக்குப் பிறகு அந்த ரோட்டில் நான் இறங்கியதே இல்லை. அவரும் அந்தப் பக்கம் போவதில்லை என்று பின்னால் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும், கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று. ஒரு இடத்தில் கீழே சிவப்பாகத் தெரிந்து இருக்கையிலிருந்து எழுந்துவிட்டேன். யாரோ பாறை மேல் காயப்போட்ட சேலை.

"அந்த வண்டிக்குப் பிரேக் பாத்தது யாருக்கா?" என்று கேட்டார் பெள்ளி.

"பிரேக் இல்ல பெள்ளி."

"அப்ப என்ன?"

வண்டி குலுங்கிய குலுக்கலில் கேட்காத மாதிரி உட்கார்ந்துகொண்டேன். அப்போதும்கூட, ஏனுங்க, அப்போதும்கூட நான் சொல்லவில்லை.

மலை அடிவாரத்துக்கு முன்னாலேயே, பர்லியாறில் பழக்கடை முன்னால் சிவப்பு வண்டி நின்றது. அந்தப் பெண்ணுக்கு மங்குஸ்தான் பழம் என்றால் ஆசையாம். அந்த ஆசைக்கு நான் எத்தனை முறை கும்பிட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

"என்னங்கம்மா, ஏதாச்சும் மறந்துட்டீங்களா?" என்றார் அந்தக் கணவர்.

"சிப்பக் கழட்டணுமுங்க. இங்கயே, இப்பவே."

"வெளையாடறீங்களா? வண்டி என்னமா இழுக்குது தெரியுங்களா?"

"மலையில இழுக்கும். கீழே போனா உள்ள உருகிப் பூட்டிக்குமுங்க. நீங்க இப்ப ஊத்துன பெட்ரோல நான் பாத்தேன்."

"அப்படியெல்லாம் ஆகாதுங்கம்மா. பயந்துக்காதீங்க."

அவர் கதவைத் திறந்தார். நான் கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். ஒன்றரை வருடம் மறைத்து வைத்திருந்தது அங்கேதான் வெளியே வந்தது.

"என்ற ஊட்டுக்காரரு இதே மாதிரி சிப் போட்ட வண்டியிலதானுங்க போனாரு. போட்டது நானு. அந்தக் காகிதத்த நான் படிச்சேன், அவருகிட்டச் சொல்லல. ஊரெல்லாம் பிரேக்குன்னாங்க. பிரேக் இல்லீங்க. இன்ஜின் பூட்டிக்கிச்சு. நான் சக்கரத்தச் சுத்திப் பாத்தேன், பிளக்கக் கழட்டிப் பாத்தேன். பிரேக் நல்லா இருந்துச்சுங்க."

எனக்குப் பின்னால் தண்ணீர்க் குடம் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த பெள்ளி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

அந்தப் பெண் பழப் பையைக் கீழே வைத்தாள். "அத மொதல்ல கழட்டச் சொல்லுங்க. இல்லாட்டி நான் பஸ்ல போயிக்கறேன்" என்றாள் தன் கணவரிடம். அவர் முகம் கடுகடுவென்று ஆனது. ஆனாலும் ஒதுங்கி நின்றார்.

கால் வைக்கும் இடத்துக்குக் கீழே இருந்த பெட்டியை, ரோட்டோரத்தில் முட்டி போட்டுக்கொண்டு திறந்தேன். அவசரத்தில் ஸ்குரூ ஒன்று மண்ணில் விழுந்துவிட்டது. அதைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தது பெள்ளிதான். கம்பெனி சிப் உட்கார்ந்தது, வண்டி பழையபடி சாதுவாக ஸ்டார்ட் ஆனது. அந்தக் கணவர் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் ஏறினார். மனைவி இறங்கி வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

திரும்பி ஏறும்போது பாதி வழியில் பெள்ளி ஜீப்பை ஓரங்கட்டினார்.

"எப்பத் தெரியும்?"

"மூணாம் நாளே."

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். ரயில் ஒன்று எதிர்ச் சரிவில் ஏறிப் போனது.

"என் பொண்டாட்டியே ஒரு நாள் கேட்டுட்டா. 'நெசமாவே ஒழுங்காத்தான் மாட்டினியா'ன்னு. ஒழுங்காத்தான் மாட்டினேன்னு என்னால அவகிட்ட அடிச்சுச் சொல்ல முடியலக்கா. எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஒவ்வொரு போல்ட்டையும் நெனச்சு நெனச்சுப் பாத்தேன். ஒன்றரை வருஷமா."

மன்னிப்புக் கேட்டேன். "இப்ப ஒண்ணும் பேசாதீங்க" என்றார். ஒர்க்‌ஷாப் வாசலில் இறக்கிவிட்டுப் போனவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஆனால் ரோட்டோரத்தில் இரண்டு பேரிடம் சொன்னது போதாது. கெட்ட பேர் ஊர் முழுக்கப் பரவியது, நல்ல பேரும் ஊர் முழுக்கப் போக வேண்டும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிற இந்தக் கடிதத்தை நம் வட்டாரப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். இதைப் படிக்கிற எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்: அன்றைக்குப் பெள்ளி போட்ட பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. குறை என் வாயில் இருந்தது.

கவிதாவுக்கு இன்னும் தெரியாது. பெள்ளியின் ஜீப் வருவதைப் பார்த்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். அப்பாவைக் கொன்ற ஆள் என்று அவள் மனசில் பதிந்திருக்கிறது. நாளைக்கு அந்த வெறுப்பு என் பக்கம் திரும்பும். எனக்கு மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். அவளும் இனி என்னை அம்மா என்று கூப்பிடாமல் போய்விட்டால் என்ன செய்வேன்? நீங்கள் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பீர்களா, இல்லை எப்போதும் போல எழுந்து கையைக் கழுவப் போயிருப்பீர்களா?

எழுத்து கோணலாக வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இது அச்சுக்குப் போவதற்கு முன், நாளைக் காலை அவள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள், உட்காரவைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானே வாசித்துக் காட்டுவேன். ஒரு வரியைக்கூட விழுங்க மாட்டேன். அவள் எழுந்து போனாலும் வாசித்து முடிப்பேன்.

உங்கள் வீட்டுக்காரி,
நாளைக் காலை வரைக்குமாவது கவிதாவின் அம்மா,
சாந்தாமணி